சீட்டின் அடியில் மூன்று பெயர்கள்

மதுரை, ஆஸ்பத்திரி வராந்தா
12.10.2008, ஞாயிறு

அன்புள்ள யோகேஸ்வரிக்கு, செல்வலட்சுமி எழுதுவது.

நலம் விசாரித்துத் தொடங்குவதுதான் முறை. அந்த ஊர்ச் சோறு உனக்கு ஒத்துக்கொள்கிறதா? உன் அத்தை உன்னைப் போனைத் தொட விடுகிறார்களா? தூக்கம் வருகிறதா? இங்கே எல்லாரும் நலம் என்று எழுத எனக்குக் கை வரவில்லை. என் அப்பாவின் வலது கையில் மாவுக்கட்டு. கதிரவனுக்கு விலா எலும்பு முறிந்து, இரண்டு கையும் வெந்து, இடது காது கேட்காமல் போய்விட்டது. மற்றபடி உயிரோடு இருக்கிறோம்.

உனக்கு ஈமெயில் எழுதிப் பார்த்தேன். பதில் உன் சித்தப்பா மகனிடமிருந்து வந்தது, கெட்ட வார்த்தையில். உன் பாஸ்வேர்டு அவன் கையில் இருக்கிறது என்று அப்போதுதான் விளங்கியது. அதனால் காகிதம். சிங்கப்பூரில் வீட்டு வேலை பார்க்கும் எங்கள் தெருப் பஞ்சம்மாள் அக்கா லீவு முடிந்து நாளை கிளம்புகிறாள். உன் அத்தை இருக்கும் அதே அடுக்குமாடியில்தான் அவளுக்கும் வேலை. நீ லிப்டில் அழுதுகொண்டு நின்றதைப் பார்த்தேன் என்று அவள் வந்து சொல்லித்தான் நீ இருக்கும் இடமே எனக்குத் தெரிந்தது. உன் கையில் மட்டும்தான் கொடுப்பேன் என்று மாரியம்மன் மேல் சத்தியம் வாங்கியிருக்கிறேன்.

அன்று நீ கல்லூரியில் இருந்தாய். வகுப்பிலிருந்தே காரில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். நடந்ததை உனக்கு யார் எப்படிச் சொன்னார்களோ தெரியாது. நான் பார்த்ததைச் சொல்கிறேன். படிக்க முடியாமல் போனால் கொஞ்ச நேரம் மூடி வைத்துவிட்டு மறுபடி படி. பாதியில் கிழித்துப் போடாதே.

இரண்டு வாரத்துக்கு ஒருமுறை நாம் செய்த சாப்ட்வேரைக் கஸ்டமரிடம் காட்ட வேண்டும் என்று நம் கல்லூரி லட்சுமிகாந்தம் சார் சொல்லிக்கொடுத்தாரே, அதற்காகத்தான் நானும் கதிரவனும் காலையிலேயே அச்சங்குளத்துக்கு, உங்கள் பட்டாசு ஆலைக்குப் போயிருந்தோம். ஆபீஸ் அறையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தோம். போர்மேன் எங்களுக்கு டீ சொல்லிவிட்டு வெளியே போனார். முதலில் தரைதான் ஆடியது. சத்தம் அதற்குப் பிறகு வந்தது. ஜன்னல் கண்ணாடி முழுவதும் உள்ளே வந்து விழுந்தது. கம்ப்யூட்டர் கதிரவன் மடியில் கிடந்தது.

வெளியே வந்தால் பன்னிரண்டாம் நம்பர் ரூம் இருந்த இடத்தில் ரூம் இல்லை. பேன்சி வெடிக்கு மருந்து செலுத்தும் ரூம் அது. பச்சையும் சிவப்புமாகப் புகை. ஓட்டுத் துண்டும் செங்கலும் மேலிருந்து விழுந்துகொண்டே இருந்தன. பக்கத்து ரூமில் அடுத்தடுத்து வெடித்தது. ஒருத்தி எரிந்துகொண்டே ஓடி வந்து வேப்பமரத்தில் மோதி விழுந்தாள். நான் அவள் மேல் மண்ணை அள்ளி அள்ளிப் போட்டேன். அவள் யார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. முகம் இல்லை.

கதிரவன் நேராகப் பன்னிரண்டாம் ரூமுக்குத்தான் ஓடினான். அவன் அம்மா மாரித்தாய் வழக்கமாகத் திரி வெட்டும் ரூமில்தான் இருப்பாள். அன்று ஆள் போதாது என்று காலையில் அவளைப் பன்னிரண்டுக்குத் தள்ளிவிட்டிருந்தார்கள். இடிந்த சுவரை வெறுங்கையால் தூக்கினான். கல் கொதித்துக்கொண்டிருந்தது. தோல் கல்லிலேயே ஒட்டிக்கொண்டது, அவன் கையை எடுக்கவில்லை. அவளை வெளியே இழுத்துப் போட்டபோது உயிர் இருந்தது. உடம்பில் துணி இல்லை. எனக்கு வலிக்கிறது என்றோ தண்ணீர் வேண்டும் என்றோ அவள் கேட்கவில்லை. எம்மேல எதையாச்சும் போத்துலே, ஆம்பளைக நிக்காக என்றுதான் சொன்னாள். அவன் சட்டையைக் கழற்றிப் போர்த்தினான். சட்டை அவள் உடம்போடு ஒட்டிப்போனது. ஆம்புலன்ஸ் வருவதற்குள் அடங்கிவிட்டாள்.

இனிமேல்தான் நான் உனக்கு முக்கியமாகச் சொல்ல வேண்டியது.

ஊரிலிருந்து சனம் ஓடி வந்தது. சங்கிலிமுத்துவை நீ பார்த்திருக்க மாட்டாய். லோடு ஏற்றுகிறவர். அவர் மனைவியும் அந்த ரூமில்தான். ரூமுக்கு ரூம் ஒட்டிவைக்கிற அன்றைய ஆள் சீட்டு, நம் சாப்ட்வேர் அச்சடித்துக் கொடுத்தது, பாதி கருகி அவர் காலடியில் கிடந்தது. எடுத்து உரக்கப் படித்தார். நான்கு பேர் இருக்க வேண்டிய ரூமுக்கு ஏழு பேர் பெயர். அதற்குக் கீழே பொடி எழுத்தில் நம் பெயர்.

அந்த ஐடியா யாருடையது என்று உனக்கு ஞாபகம் இருக்கும். நம் ஊரில் ஒரு தீப்பெட்டி லேபிள் அடித்தாலும் அடியில் அச்சகத்தின் பெயர் இல்லாமல் போகாது. நாமும் அப்படிப் போட வேண்டும் என்று மாரிக்கண்ணன்தான் துள்ளினான். வடிவமைப்பு என்று எழுதி, கதிரவன், செல்வலட்சுமி, மாரிக்கண்ணன் என்று வரிசையாகப் போட்டான். நான்காவதாக உன் பெயரும் இருந்தது. பொம்பளப் பிள்ளை பேரு கூலியாள்க கையில கிடக்கக் கூடாது என்று உன் அப்பா சொல்லி எடுக்க வைத்தார். எனக்கு அப்போது சிரிப்புதான் வந்தது. நான் மட்டும் என்ன ஆம்பளையா?

இதுல கதிரவன்கிறவன் எவம்லே என்று சங்கிலிமுத்து கேட்டார். கூட்டத்தில் யாருக்கும் தெரியாது. தாயின் தலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவன் தானாகவே கையைத் தூக்கினான். நாந்தான்ணே என்றான்.

வெடிப்பெட்டி அடிக்கிற ரீப்பர் கட்டையால் அடித்தார்கள். ஆணி இருந்த கட்டை. ஒருவர் அடிக்க ஆரம்பித்ததும் பத்துப் பேர் சேர்ந்துகொண்டார்கள். கட்டை முறிந்ததும் கல்லை எடுத்தார்கள். அவன் ஒரு அடியைக்கூடத் தடுக்கவில்லை. கை இரண்டையும் தொங்கவிட்டுக்கொண்டு வாங்கினான். நான் அவன் மேல் குப்புற விழுந்தேன். என் முதுகில் மிதி விழுந்தது. என் பெயரும் அந்தச் சீட்டில் இருக்கிறது என்று நான் கத்தினேன். யார் காதிலும் ஏறவில்லை. இறந்து கிடப்பது அவனைப் பெற்றவள் என்று யாரோ சொன்ன பிறகுதான் கட்டையைப் போட்டார்கள். சங்கிலிமுத்து இப்போது தினமும் இந்த வராந்தாவுக்கு வந்து ஒரு மூலையில் உட்கார்ந்துவிட்டுப் போகிறார். உள்ளே வர மாட்டேன் என்கிறார். நான் அவரோடு பேசுவதில்லை. இன்னும் கொஞ்ச நாள் பேச மாட்டேன்.

பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். அந்த ஏழு பேர் சீட்டில் எப்படி ஏறினார்கள் என்று உனக்கும் எனக்கும் தெரியும். இருந்தாலும் எழுதுகிறேன், மறந்துவிட்டேன் என்று நீ சொல்லிவிடக் கூடாது.

முதலில் நாம் செய்த சாப்ட்வேர் ஒரு ரூமுக்கு நான்கு பேருக்கு மேல் வாங்காது. ஐந்தாவது பெயரை அடித்தால் சிவப்பாக எழுதி நின்றுவிடும். சட்டம் அது. கதிரவன் தன் அம்மாவிடம் கேட்டுக்கொண்டு வந்து முதல் வாரமே அதைத்தான் எழுதினான். தீபாவளி ஆர்டர் குவிந்ததும் ஆலையை நடத்தும் உன் சித்தப்பாவுக்கு அது இடைஞ்சலாகிவிட்டது. ஒருநாள் காலை கல்லூரி லேபில் வட்டமாக நின்று கூட்டம் போட்டபோது நீதான் வந்து சொன்னாய். முந்தின இரவு உங்கள் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தாராம். கம்ப்யூட்டரு என்ன எனக்கு முதலாளியா, சீசன்ல என்னய நாலுன்னு நிறுத்துது, உன் கூட்டாளிககிட்டச் சொல்லி அதை அவுத்துவிடச் சொல்லு என்றாராம். மீசையைத் தடவி, அவர் குரலிலேயே நீ பேசிக் காட்டினாய். நாங்கள் எல்லாரும் சிரித்தோம். நானும் சிரித்தேன்.

சிரித்து முடித்த பிறகு நான் முடியாது என்றேன். டெஸ்டர் நான். குறைகளை எழுதி ஒட்டப் பட்டாசுப் பெட்டி அட்டையை வெட்டி வைத்திருந்தோமே, அதில் ஒன்றை எடுத்து, நான்கு பேருக்கு மேல் ஏற்றுக்கொண்டால் வெளியே விடக்கூடாது என்று எழுதிச் சுவரில் ஒட்டினேன். அட்டையின் மறுபக்கம் ஒரு குழந்தை கம்பி மத்தாப்பு பிடித்துச் சிரித்துக்கொண்டிருந்தது. உடனே ஓட்டுப் போடலாம் என்றாய். சீட்டுக்கட்டை எடுத்தோம். ஒரு வேலை எவ்வளவு அவசரம் என்று ஆளுக்கு ஒரு சீட்டைக் கவிழ்த்து வைத்துச் சேர்ந்து திருப்புவோமே, பெரிய சீட்டு என்றால் பெரிய அவசரம். முன்பு ஒருநாள் பிரின்சிபால் வந்து பார்த்துவிட்டு, லேபில் ரம்மி ஆடுகிறோம் என்று நான்கு பேர் வீட்டுக்கும் கடிதம் போட்டாரே, அதே கட்டு. நான் எழுதிய குறைக்கு நான் ராஜாவை வைத்தேன். நீங்கள் மூவரும் இரண்டும் மூன்றும் வைத்தீர்கள். ராஜாவை வச்சும் தோத்துட்டியே செல்வி என்று மாரிக்கண்ணன் கேலி செய்தான்.

உங்க சித்தப்பா நிசமாவே சொன்னாகளா என்று கதிரவன் உன்னைக் கேட்டான். ஆமாம் என்றாய். கடைசி நேரத்தில் வந்தாலும் கஸ்டமர் கேட்கும் மாற்றத்தை வரவேற்க வேண்டும், செல்வி எழுதிய குறையை அடுத்த ஸ்பிரிண்டில், இரண்டு வாரம் கழித்து, பார்த்துக்கொள்ளலாம் என்று லட்சுமிகாந்தம் சாரும் சொன்னார். சார் முன்பு வேலை பார்த்த பெங்களூர்க் கம்பெனியில் கஸ்டமர் கேட்பது பட்டனின் நிறத்தை மாற்றச் சொல்லித்தான் இருக்கும். அலுமினியப் பவுடரும் சல்பரும் இருக்கிற ரூமில் ஆள் எண்ணிக்கையை மாற்றச் சொல்லி அங்கே யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். நமக்கு இந்த வித்தியாசம் தெரிந்திருக்க வேண்டும். நாம் எல்லாரும் இந்த மண்ணில் பிறந்தவர்கள். கதிரவன் அன்று மத்தியானமே அந்தத் தடையை எடுத்துவிட்டான். சின்ன வேலைதான் என்றான்.

சார் இப்போது அந்த வேலை கல்லூரிக்கு வெளியே பிள்ளைகளாக எடுத்துக்கொண்டது என்று எழுதிக் கொடுத்துவிட்டார். டீமில் தனி ஆள் தப்பு என்று ஒன்று கிடையாது, டீம்தான் பொறுப்பு என்று போர்டில் எழுதிப் போட்டவரும் அவர்தான். மாரிக்கண்ணன் போனை அணைத்துவிட்டுக் காரியாபட்டியில் மாமா வீட்டில் போய் உட்கார்ந்திருக்கிறான். நீ கடல் தாண்டிப் போய்விட்டாய். டீம் என்று இப்போது மிச்சம் இருப்பது நானும், கட்டிலில் கிடக்கும் ஒருவனும்தான்.

அவன் படுத்திருக்கும் வார்டு வாசலில் ஒரு போலீஸ்காரர் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார். கேஸ் கதிரவன் மேல். உன் சித்தப்பா செந்தூர்பாண்டி கொடுத்திருக்கும் வாக்குமூலம் இதுதான்: காலேஜ் பையன் கம்ப்யூட்டரில் கையை வைத்தான், எனக்குத் தெரியாது, சீட்டில் வந்த ஆட்களைப் போர்மேன் ரூமுக்கு அனுப்பினார். போர்மேன் அந்த வெடியிலேயே செத்துப்போனார். அவர் இனிப் பேச மாட்டார்.

கதிரவனாவது பேசுவான் என்று பார்த்தால், விசாரணைக்கு வந்த அதிகாரியிடம், நாந்தான் சார் எடுத்துவிட்டேன், யாரும் சொல்லலை, எங்கம்மையைக் கொன்னது நாந்தான் என்று சொல்லிவிட்டான். நான் பக்கத்திலிருந்து, இல்லை, இவனை எடுக்கச் சொன்னார்கள் என்று கத்தினேன். அந்தப் பேரை இழுக்காத செல்வி என்றான். அவன் குறித்தது உன் சித்தப்பா பெயரை இல்லை. எந்தப் பெயரை நினைத்துச் சொன்னான் என்று உனக்குத் தெரியும், எனக்கும் தெரியும். அதைப் பற்றி இதற்கு மேல் நான் எழுத மாட்டேன்.

நான் மட்டும் போய் வாக்குமூலம் கொடுத்தேன். செந்தூர்பாண்டி சொன்னதை நீ காதால் கேட்டாயா என்று கேட்டார்கள். யோகேஸ்வரி வந்து சொன்னாள் என்றேன். அப்படியானால் அவளல்லவா சொல்ல வேண்டும் என்றார்கள். அவர்கள் கேட்டதில் தப்பில்லை.

மறுநாளே எங்கள் வீட்டுக்கு நான்கு பேர் வந்தார்கள். உன் சித்தப்பா ஜீப்பை எனக்குத் தெரியாதா என்ன? அப்பா அப்போதுதான் சாப்பிட உட்கார்ந்திருந்தார். ஊர்க்காவலன்னு பேரு வச்சுக்கிட்டு பெத்த பிள்ளையை அடக்கத் தெரியலையேலே என்று ஒருவன் கேட்டான். அப்பா எழுந்திருப்பதற்குள் அவர் கையை அம்மிக்கல்லில் வைத்து, குழவியைத் தூக்கிப் போட்டான். கடலை உடைவது போல ஒரு சத்தம் கேட்டது. எனக்கு அதற்குப் பிறகு நடந்தது கோர்வையாக நினைவில்லை. அடுப்பில் கிடந்த ஊதாங்குழல் என் கையில் இருந்தது. குனிந்திருந்தவன் வாயில் அடித்தேன். பல் தெறித்தது. அவன் மூக்கில் அடித்தேன். விழுந்த பிறகும் அடித்தேன். மற்றவர்கள்தான் அவனைக் காப்பாற்றித் தூக்கிக்கொண்டு ஓட வேண்டியதாயிற்று. ஊதாங்குழல் வளைந்துவிட்டது, அம்மா பிறகு அதைத் தட்டி நிமிர்த்தி வைத்தாள். யோகி, அடித்தபோது எனக்கு நன்றாக இருந்தது. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. கட்டையைத் தூக்கிய சங்கிலிமுத்துவுக்கும் அப்படித்தான் இருந்திருக்குமோ என்று நினைக்கிறேன்.

போகும்போது, இருபத்தொன்றாம் தேதி விசாரணைக்கு இவ போனா அடுத்து வீடு எரியும் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். நான் போவேன். அம்மாவையும் அப்பாவையும் சாத்தூரில் சின்னம்மா வீட்டில் கொண்டுபோய் விட்டுவிட்டேன். எரிந்தால் ஓலையும் நாலு பானையும்தான்.

அந்தத் தேதி செவ்வாய்க்கிழமை. கோட்டாட்சியர் ஆபீசில் கடைசி விசாரணை. அன்று யாரும் வேறு சொல்லாவிட்டால் கதிரவன் சொன்னதே உண்மை என்று எழுதி முடித்துவிடுவார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து நேராக ஜெயிலுக்குத்தான். வெந்த கையோடு அவன் அங்கே எத்தனை நாள் தாங்குவான்? அதைவிட, தாயைக் கொன்றவன் நான் என்று அவனே நம்பிக்கொண்டிருக்கிறானே, அதை வைத்துக்கொண்டு வெளியே இருந்தாலும் எத்தனை நாள் தாங்குவான்? போன வாரம் நர்ஸ் திரும்பிய நேரத்தில் கட்டுகளைப் பல்லால் கடித்துப் பிரித்துவிட்டான். பெற்றவளைக் கொன்ற கை எனக்கு எதற்கு என்கிறான். நான் அவன் கன்னத்தில் ஓங்கி அறைந்தேன். பிறகு அவனும் அழுதான், நானும் அழுதேன்.

நீ வந்து சொன்னால் உன் வீட்டில் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. உன் அப்பா உன் முகத்தில் முழிக்க மாட்டார். உன் சித்தப்பா உன்னை என்ன செய்வார் என்று எழுத எனக்கே பயமாக இருக்கிறது. பணக்கார வீட்டுப் பிள்ளைக்கு என்ன கவலை என்று ஊர் பேசுகிறது, ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது. நான் அப்படிப் பேச மாட்டேன். உன் அப்பாவிடம் அடி வாங்கிவிட்டு, முதுகைக் காட்டாமல் சுவரில் சாய்ந்தே உட்கார்ந்து பரீட்சை எழுதினவள் நீ. பக்கத்துப் பெஞ்சில் இருந்தவள் நான். பயப்படாமல் வா என்று சொல்ல மாட்டேன். பயந்துகொண்டே வா.

பாஸ்போர்ட் உன் அத்தை பீரோவில் இருக்கும். டிக்கெட்டுக்குப் பஞ்சம்மாள் அக்கா வழி பண்ணுகிறேன் என்று சொல்லியிருக்கிறாள். எப்படி என்று கேட்காதே, அவளிடம் அதைப் பற்றிப் பேசாதே. மதுரையில் இறங்கினால் வாசலில் நான் நிற்பேன். ஊதாங்குழலோடு நிற்பேன் என்று வைத்துக்கொள்.

தினமும் காலையில் வட்டமாக நின்று மூன்று கேள்விக்குப் பதில் சொல்வோமே, நேற்று என்ன செய்தாய், இன்று என்ன செய்யப்போகிறாய், உனக்கு என்ன தடை என்று. இங்கே உட்கார இடமில்லை. ஜன்னல் திட்டில் காகிதத்தை வைத்து நின்றுகொண்டுதான் எழுதுகிறேன். அதனால் முறைப்படியே சொல்லிவிடுகிறேன்.

நேற்று: கதிரவனுக்குக் கஞ்சி ஊட்டினேன். இரண்டு கரண்டிக்கு மேல் இறங்கவில்லை.

இன்று: இந்தக் கடிதத்தைப் பஞ்சம்மாள் அக்காவிடம் சேர்க்கிறேன்.

தடை: நீதான், யோகி.

எனக்கு அடுத்து எப்போதும் நீதான் நிற்பாய். உன் முறை. உன் இடத்தில் நான் வேறு யாரையும் நிற்கவிடவில்லை.

நீ எந்த ஊரில் இருந்தாலும் உன்மேல் ஒரு பொறிகூட விழாமல் இருக்க வேண்டும் என்று இன்றைக்கும் அம்மனிடம் சொல்லிவிட்டுத்தான் வந்தேன்.

இப்படிக்கு,
உன் வருகைக்குக் காத்திருக்கும்
செல்வலட்சுமி